தப்பிப் போக ஒரு தோட்டம்

ஸ்டார்டியூ வேலி என்ற விளையாட்டு ஒரு மரணப் படுக்கையில் தொடங்குகிறது. தாத்தா படுத்திருக்கிறார். பேரப்பிள்ளையிடம் முத்திரை வைத்த கடிதம் ஒன்றைக் கொடுத்து, இப்போது பிரிக்காதே என்கிறார். வாழ்க்கையின் பாரம் தாங்க முடியாமல் போகும் நாள் ஒன்று வரும், அன்றைக்குப் பிரி. பல வருடங்கள் கழித்து அடுத்த காட்சி. ஜோஜா என்ற பெரிய கம்பெனியின் அலுவலகம். வரிசையாகத் தடுப்புகள், தடுப்புக்கு ஒரு கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்கு ஒரு ஆள். உற்றுப் பார்த்தால் ஓர் இடத்தில் எலும்புக்கூடு ஒன்று உட்கார்ந்திருக்கும். அந்த வரிசையில்தான் நாமும் இருக்கிறோம். மேஜை இழுப்பறையைத் திறந்து கடிதத்தைப் பிரிக்கிறோம். ஊரில் தாத்தாவின் பண்ணை நமக்காகக் கிடக்கிறது. பஸ் ஏறிவிடுகிறோம்.

வீடியோ கேம் ஆடுகிறவர்கள் நிஜ வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடுகிறார்கள் என்பது ரொம்ப நாளாக இருக்கும் குற்றச்சாட்டு. இந்த விளையாட்டு அதை மறுக்கவே இல்லை. ஆமாம், ஓடத்தான் போகிறோம் என்று முதல் இரண்டு நிமிடத்திலேயே ஒத்துக்கொள்கிறது. எனக்கு அதைப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இந்த நேர்மைதான்.

இதை உருவாக்கியவர் எரிக் பரோன் என்ற அமெரிக்க இளைஞர். 2011இல் கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்து முடித்தார், வேலை கிடைக்கவில்லை. சியாட்டில் நகரத்தில் ஒரு நாடக அரங்கில், வருகிறவர்களுக்கு இருக்கையைக் காட்டும் வேலை பார்த்துக்கொண்டு, மீதி நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து இதைச் செய்தார். படம், இசை, கதை, நிரல் எல்லாம் அவர் ஒருவரே. நாலரை வருடம் ஆனது. 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். இதுவரை 4 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. அவர் சிறுவயதில் ஆடி மயங்கிய ஹார்வெஸ்ட் மூன் என்ற ஜப்பானிய விளையாட்டுதான் இதற்கு மூலம். 1996இல் அதைச் செய்த யசுஹிரோ வாடாவோ, கியூஷூ தீவின் கிராமப்புறத்தில் வளர்ந்து பிழைப்புக்காக டோக்கியோ வந்தவர். நகரத்துக்கு வந்த பிறகுதான் ஊரின் அருமை அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஊர் ஏக்கம் பிடித்த ஒருவர் செய்ததை வேலை கிடைக்காத இன்னொருவர் ஆடி, அவர் செய்ததை இன்று கோடிக்கணக்கான பேர் ஆடுகிறோம். தப்பிப் போகும் பாதையைப் போட்டவர்களும் தப்பிப் போக நினைத்தவர்கள்தான்.

சரி, நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். போனதும் எடை போடுவார்கள். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் உடம்பில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்பதை அந்த எடைதான் சொல்லும். இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்து, ஊசி ஏற்றுவதற்கு ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள். அதில் தடிமனான இரண்டு ஊசிகளை ஏற்றி, ஒன்றின் வழியாக ரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் சுத்தம் செய்து, இன்னொன்றின் வழியாகத் திருப்பி அனுப்புவார்கள். மணிக்கொரு தரம் சிஸ்டர் வந்து பிரஷர் பார்ப்பார். திடீரென்று பிரஷர் இறங்கும். கெண்டைக்காலில் தசை இழுக்கும். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடிப்பாள். மற்றபடி காத்திருப்பதுதான் வேலை.

அந்தக் காத்திருப்பில் எதையும் படிக்க முடியவில்லை. ஒரே பாராவைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன். அலுவலக வேலையும் ஓடாது. அம்மாவுக்கு நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு வாங்க, நாங்கள் ஆட்டோவில் மருத்துவமனைக்கு ஓடிவந்த முதல் ராத்திரி மட்டும் கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அப்போதுதான் அலுவலக நண்பர் ஒருவர் சொல்லி இந்த விளையாட்டைப் போனில் ஏற்றினேன். கல்லைப் பொறுக்கி, புல்லை வெட்டி, நிலத்தைக் கொத்தி, மேயர் பரிசாகக் கொடுத்த 15 விதைகளை ஊன்றித் தண்ணீர் ஊற்றினேன். நான்கு நாளில் விளைந்தது. விளையாட்டில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் சுமார் 14 நிமிடம். காலை 6 மணிக்கு எழுந்தால் இரவு 2 மணிக்குள் வீடு திரும்பிப் படுத்துவிட வேண்டும். அம்மாவின் நான்கு மணி நேரத்தில் அங்கே பதினேழு நாள் ஓடிவிடும்.

பாத்தி பாத்தியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அந்த ஆட்டோ ராத்திரி கண்ணுக்குள் வருவது குறைந்தது. இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு ஆய்வைப் பின்னால் படித்தேன். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் நடந்தது, 2017இல் வெளியானது. சாலை விபத்தில் சிக்கி வந்த 71 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினரை விபத்து நடந்த ஆறு மணி நேரத்துக்குள், அந்தக் காட்சியை ஒரு தடவை நினைவுக்குக் கொண்டுவரச் சொல்லி, அப்புறம் மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் என்ற விளையாட்டை ஆட வைத்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில், அழைக்காமலே வந்து நிற்கும் விபத்துக் காட்சிகள் மற்ற பிரிவினரைவிட அவர்களுக்கு 62 சதவீதம் குறைவாக இருந்தன. கட்டைகளைத் திருப்பிப் பொருத்துவதற்கு மூளையின் காட்சித் திறன் தேவைப்படுகிறது. கொடூரமான நினைவு படமாகப் படிவதற்கும் அதே திறன்தான் வேண்டும். அங்கே ஒன்று உட்கார்ந்துவிட்டால் இன்னொன்றுக்கு இடம் குறைகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். சின்ன ஆய்வுதான். என் விஷயம் அதே கணக்கில் வரும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால், கேம் ஆடுவது நேரத்தைக் கொல்வது என்று எவராவது சொல்லும்போது எனக்கு அந்த அவசர சிகிச்சைப் பிரிவின் நாற்காலிகள் நினைவுக்கு வருகின்றன.

அம்மா முதலில் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் வெள்ளாமை தெரியும். உசிலம்பட்டிப் பக்கம் பிறந்து, கல்யாணம் ஆகும்வரை அப்பா காட்டில் களையெடுத்தவள். நான் ஒருநாள் விதைத்துக்கொண்டிருந்தபோது, "ஏன்டா, இத்தன நெருக்கமா ஊனுனா எப்படி வெளையும்?" என்றாள். இங்கே விளையும் அம்மா என்றேன். "காக்கா வராதா?" வரும், அதற்குப் பொம்மை வைக்க வேண்டும் என்று வைக்கோல் பொம்மையைக் காட்டினேன். அதற்கப்புறம் அவளுக்குச் சுவாரஸ்யம் வந்துவிட்டது. அந்த விளையாட்டில் ஒரு பருவத்துக்கு 28 நாள். புதுப் பருவத்தின் முதல் நாள் காலையில் போன பருவத்துப் பயிர் எல்லாம் கருகிக் கிடக்கும். அப்படி ஒரு தடவை என் பாத்தி முழுக்கக் கருகியபோது அம்மா ரொம்ப இயல்பாகச் சொன்னாள். "பட்டம் பாக்காம போட்டா இப்படித்தான். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாக."

அடுத்த தடவை போனைக் கேட்டாள்.

இடது கையில் ஊசி இருப்பதால் அதை அசைக்கக் கூடாது. வலது கை மட்டும் சும்மா இருக்கும். போனில் இந்த விளையாட்டை ஒரு விரலால் ஆடிவிடலாம், செடியைத் தொட்டால் தானாகவே பூவாளியை எடுத்து ஊற்றும். நான் போனைத் தலையணைமேல் சாய்த்துப் பிடித்துக்கொள்வேன். அவள் ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு செடியாகத் தொட்டுத் தொட்டுப் போவாள். அவளுக்கென்று ஒரு தனிப் பண்ணை தொடங்கிக் கொடுத்தேன். கோடை வந்ததும் முலாம்பழம் போட்டாள். 12 நாள் பயிர். வேறு எதையும் அவள் அவ்வளவாக விரும்பவில்லை. கடையில் படத்தைப் பார்த்துப் பார்த்து அதே விதையைத்தான் வாங்குவாள்.

டயாலிசிஸ் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இது ஏன் என்று சொல்லாமலே புரியும். முலாம்பழம் அவளுக்கு ஆகாது. அதில் பொட்டாசியம் அதிகம், கெட்டுப்போன சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. வாழைப்பழம், இளநீர் எதுவும் ஆகாது. தண்ணீரே ஆகாது. காலையில் முக்கால் லிட்டர் பாட்டிலில் அளந்து வைத்துவிடுவோம், காபியும் ரசமும் அதற்குள் அடக்கம். வெயில் காலத்தில் ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த அம்மா குளத்தில் இறங்கிப் பூவாளியை நிரப்பி, செடி செடியாகத் தண்ணீர் ஊற்றுகிறாள். ஊற்றிய மண் கறுத்து நனைகிறது. காசு இல்லை, அளவு இல்லை, யாரும் பாட்டிலைப் பார்க்கவில்லை. மழை பெய்கிற நாளில் ஊற்றத் தேவையில்லை என்றால் முகம் கொஞ்சம் வாடும்.

அம்மாவுடைய அப்பா காடு என்றைக்கோ கைமாறிவிட்டது. அதைப் பற்றி அவள் வீட்டில் பேசியதே இல்லை. டயாலிசிஸ் கட்டிலில்தான் பேசினாள். கமலை இறைத்தது, மடை மாற்றிவிட ராத்திரியில் லாந்தரோடு போனது, யாரோ மடையை உடைத்துத் தங்கள் வயலுக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டது, அதற்கு நடந்த பஞ்சாயத்து. ஐம்பது வருடத்துக்கு முந்தைய அந்தச் சண்டையின் ஒவ்வொரு வார்த்தையும் அவளிடம் இருந்தது. எனக்குத் தெரியாத அம்மா ஒருத்தி அந்தப் போன் வழியாக வந்தாள். தப்பித்தல் என்று நாம் சொல்வது எதிர்காலத்துக்கோ கற்பனைக்கோ போவதாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அம்மா தன் சொந்தக் காட்டுக்குத்தான் போய் வந்தாள்.

உடம்பு ஓர் இடத்தில் கட்டிப்போடப்பட்டிருக்கும்போது இந்த உலகங்கள் என்ன தருகின்றன என்பதற்கு நார்வேயில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர். தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் டூஷேன் என்ற பரம்பரை நோயோடு 1989இல் பிறந்து, 2014 நவம்பரில், 25 வயதில் இறந்தார். கடைசிப் பத்து வருடத்தில் பல பேர் இணையத்தில் சேர்ந்து ஆடும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற விளையாட்டை அவர் ஆடிய நேரம் 15,000 முதல் 20,000 மணி நேரம் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். கடைசிக் காலத்தில் விரல்கள்தான் கொஞ்சம் அசைந்தன. பெற்றோருக்கு இருந்த பெரிய துக்கம், மகன் நட்பையும் காதலையும் அறியாமலே போய்விட்டானே என்பது. அவர் இறந்த செய்தியை அவருடைய வலைப்பதிவில் போட்டார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் வர ஆரம்பித்தன. ஐபெலின் என்ற பெயரில் அவர் அந்த விளையாட்டுக்குள் ஒரு கனவானாக, துப்பறிகிறவனாக வாழ்ந்திருக்கிறார். ஆட்டிசம் உள்ள மகனோடு பேச வழி தெரியாமல் தவித்த ஒரு தாய்க்கு, அவனோடு சேர்ந்து விளையாட்டுக்குள் வாருங்கள் என்று வழி சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டரைப் பெற்றோர் பறித்துக்கொண்டதால் வாடிப்போன ஒரு பெண்ணுக்காக அவள் பெற்றோருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தன் நோயை மட்டும் வெகுகாலம் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்லோவில் நடந்த இறுதிச் சடங்குக்கு, அதற்கு முன் அவரை நேரில் பார்த்தே இராத குழு நண்பர்கள் வந்து நின்றார்கள்.

ராத்திரி பத்து மணிக்குப் படுக்கச் சொல்லித்தான் பெற்றோரும் அவரைக் கண்டித்திருக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் அவருடைய நண்பர்கள் எல்லாரும் கூடியிருப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. மகன் அறையின் கதவுக்கு வெளியிலிருந்து பார்த்தால் ஒரு முதுகும் ஒரு திரையும்தான் தெரியும். அப்பா ராபர்ட் ஸ்டீன் இதையெல்லாம் பின்னால் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இவ்வளவு சொன்னதால் எல்லாத் தப்பித்தலும் நல்லது என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இதில் உறுதியான ஒரு கருத்து உண்டு. எத்தனை மணி நேரம் ஆடுகிறான் என்பதற்கு முன்னால், அந்த இடத்திலிருந்து திரும்பி வர விடுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

விவசாயத்தையே எடுத்துக்கொள்வோம். ஃபார்ம்வில் ஞாபகம் இருக்கிறதா? 2009 ஜூனில் ஃபேஸ்புக்கில் வந்தது. மறு வருடமே மாதத்துக்கு 8 கோடிப் பேருக்கு மேல் ஆடினார்கள். நான் அப்போது வேலை பார்த்த அலுவலகத்தில் டீ இடைவேளைப் பேச்சே அதுதான். அதுவும் தோட்டம், இதுவும் தோட்டம். ஆனால் ஃபார்ம்வில்லில் பயிர் நம் கடிகாரத்தில் வளரும். ஸ்ட்ராபெரி போட்டால் நிஜமாகவே நான்கு மணி நேரம் கழித்து வந்து அறுக்க வேண்டும். தாமதித்தால் வாடிவிடும். வாடாமல் இருக்க, சீக்கிரம் வளர, காசு கட்டலாம், அல்லது தெரிந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு உதவி கேட்கலாம். நம் தூக்கமும் சாப்பாட்டு நேரமும் அந்தத் தோட்டத்துக்குக் கட்டுப்பட்டுவிடும். 2020 டிசம்பர் 31ஆம் தேதி அந்த ஃபேஸ்புக் விளையாட்டு மூடப்பட்டது. ஆனால் அது பழக்கிவிட்ட உத்தி இன்று போனில் இருக்கும் பாதி விளையாட்டுகளில் இருக்கிறது.

ஸ்டார்டியூ வேலியில் நான் போனை மூடிவிட்டு ஒரு மாதம் கழித்து வந்தாலும் என் பயிர் நான் விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். ஆடு மாடு பசியோடு இருக்காது. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். நடுவில் அம்மாவுக்குத் தசைப்பிடிப்பு வந்தால் போனை அப்படியே கீழே போட்டுவிட்டுக் காலைப் பிடித்துவிடலாம். ஒரு விளையாட்டைச் செய்கிறவன் ஆடுகிறவனின் வாழ்க்கையை மதிக்கிறானா இல்லையா என்பது இந்த இடத்தில்தான் தெரியும்.

என் அக்கா மகன் நீட் தேர்வுக்கு இரண்டாம் முறை தயாராகிக்கொண்டிருக்கிறான். கோச்சிங் கிளாஸ் விட்டு வந்ததும் போன்தான். அக்கா ஒருநாள் அழாத குறையாகக் கூப்பிட்டாள். "தம்பி, அவன் அடிமையாயிட்டான்டா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணுமா?" உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் இதைச் சேர்த்திருப்பது உண்மை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதன் வரையறை கறாரானது. ஆட்டத்தை நிறுத்த முடியாமல் கட்டுப்பாடு போக வேண்டும், மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டம் முன்னுக்கு வர வேண்டும், கெடுதல் நடப்பது தெரிந்தும் தொடர வேண்டும். படிப்பு, குடும்பம், வேலை என்று வாழ்க்கையையே குலைக்கும் அளவுக்கு இது, பொதுவாக 12 மாதமாவது, நீடித்திருக்க வேண்டும். அக்காவுக்கு இதைச் சொன்னேன். அப்புறம் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் பார்த்ததிலேயே அவனுக்கு இரண்டு முகம் இருப்பது தெரிந்தது. பள்ளி நண்பர்கள் நாலு பேரோடு ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஆடும்போது சத்தமாகச் சிரிக்கிறான், திட்டுகிறான், கிளாஸில் நடந்ததைச் சொல்கிறான். அது முடிந்து எல்லாரும் போன பிறகு இன்னொரு விளையாட்டைத் திறந்தான். தினசரி மிஷன், லாகின் பரிசு, சீசன் பாஸ் என்று தினமும் வந்தால்தான் பரிசு சேரும் வகை. முகத்தில் ஒன்றுமே இல்லை. கட்டை விரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "பிடிக்கல்லாம் இல்ல மாமா. இன்னைக்கு விட்டா போச்சு. இவ்வளவு நாள் பண்ணினது வீணாப் போயிடும்." நீட்டைப் பற்றி அவனிடம் எல்லாரும் சொல்வதும் ஏறக்குறைய இதே வாக்கியம்தான். தப்பித்து வந்த இடத்திலும் பையனுக்கு ஒரு கோச்சிங் கிளாஸ் நடத்துகிறார்கள்.

சனிக்கிழமைகளில் பாட்டியோடு அவன் உட்கார்ந்தால் எனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்று கேட்டேன். வந்தான். பாட்டியின் பண்ணையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "பாட்டி, இவ்வளவு நாள் ஆடிட்டு இன்னும் கையால தண்ணி ஊத்துறீங்க? ஸ்பிரிங்க்ளர் வைங்க. காலையில தானா ஊத்திடும்." அம்மா திரையிலிருந்து விரலை எடுக்கவில்லை. "தண்ணி ஊத்தத்தானேப்பா நான் இங்க வர்றேன்" என்றாள். அவன் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மலைக் குகையில் போய்ச் செம்பு வெட்டி, பாட்டிக்குப் பெரிய பூவாளியாகச் செய்து கொடுத்தான்.

அந்த சீசன் முடிந்தபோது தினசரி மிஷன் விளையாட்டை அவனே போனிலிருந்து எடுத்துவிட்டான். நான் ஏதும் சொல்லவில்லை, அக்காவையும் சொல்ல வேண்டாம் என்றேன். நண்பர்களோடு ஆடுவது தொடர்கிறது. அக்கா இப்போது, ஆடினாயா என்று கேட்பதை விட்டுவிட்டு, யார் யார் வந்தார்கள் என்று கேட்கிறாள். அப்படிக் கேட்டதில்தான், அந்த நாலு பேரில் ஒருவன் படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்பது தெரியவந்தது. அக்கா சோறு போட்டு வளர்த்த பிள்ளை மாதிரி, பத்தாவதுவரை எங்கள் வீட்டிலேயே கிடந்த பையன். அவனுக்கு ஷிப்ட் முடிய இரவு பத்து மணி ஆகிறது. பத்திலிருந்து பதினொன்று வரை அக்கா மகன் அறைக்குள் யாரும் போவதில்லை. போன வாரம் அக்கா மட்டும் கதவைத் தட்டி, ஹெட்செட்டை வாங்கி, சாப்பிட்டாயா என்று அந்தத் திருப்பூர்ப் பையனிடம் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாளாம்.